செலக்ட் செய்த கோடிலிருந்தே வலையில் தேட: பிளக்இன்னா, சொந்த ஸ்கிரிப்டா, ஆஃப்லைன் ஆவணமா?

கோடில் ஒரு வரியைச் செலக்ட் செய்து ஒரு விசையைத் தட்டினால் பிரவுசரில் தேடல் முடிவு வந்து நிற்க வேண்டும். கேட்பது இவ்வளவுதான். சப்ளைம் டெக்ஸ்ட், விஎஸ் கோட், விம், ஈமேக்ஸ் ஆகிய கோட் எடிட்டர்கள் எல்லாவற்றுக்கும் இதற்கென்றே பிளக்இன்கள் (எடிட்டரில் சேர்க்கும் சிறு துணைநிரல்கள்) இருக்கின்றன. அவற்றின் அறிமுகப் பக்கங்களை வரிசையாக வாசித்தால் ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் வேறுபாடே தெரியாது. வேறுபாடு உள்ளே இருக்கிறது: செலக்ட் செய்த எழுத்துகளை அது எப்படிச் சுத்தம் செய்கிறது, எப்படி யூஆர்எல்லாக (வலை முகவரியாக) மாற்றுகிறது, எந்தக் கணினியின் பிரவுசரைத் திறக்கிறது. மூன்றில் ஒன்று பிசகினாலும் தேடல் பக்கம் திறக்கத்தான் செய்யும். தவறான சொல்லைத் தேடியிருக்கும். நீங்களோ இந்தப் பிரச்சினைக்கு வலையில் பதிலே இல்லை என்று நினைத்துக்கொள்வீர்கள்.

செட்டிநாட்டில் கோட் எழுதுகிறவர்கள் பெரும்பாலும் மூன்று சூழலில் இருக்கிறார்கள். காரைக்குடிக் கல்லூரிகளில் படிக்கும் மாணவர்கள். லேப் கணினியில் அட்மின் உரிமை இருக்காது, உட்காரும் இடமும் தினம் மாறும். சென்னை, பெங்களூர் நிறுவனங்களுக்கு ஊரில் இருந்தே வேலை பார்ப்பவர்கள். கோட் தொலைதூர சர்வரில் இருக்கும், இணையம் பாதி நேரம் மொபைல் ஹாட்ஸ்பாட்டில் ஓடும். மூன்றாவது, புதுவயல் அரிசி ஆலைக்கும் ஆத்தங்குடி டைல்ஸ் பட்டறைக்கும் பில்லிங் மென்பொருள் செய்து கொடுக்கும் சிறு குழுக்கள். அவர்கள் கோடில் தமிழ் எழுத்துகள் நிறைய வரும். மூவருக்கும் ஒரே பதில் பொருந்தாது. எடிட்டர்களை ஒப்பிடும் முன் எல்லா வழிகளுக்கும் பொதுவான இரண்டு விஷயங்களைப் பார்த்துவிடலாம். தவறுகளில் பெரும்பகுதி அங்கேதான் நடக்கிறது.

யூஆர்எல் என்கோடிங்

தேடுபொறியின் முகவரியில் கேள்விக்குறிக்குப் பிறகு வரும் பகுதியில்தான் தேடல் சொல் போய் உட்காருகிறது. அந்தப் பகுதியில் சில குறிகளுக்குத் தனிப் பொருள் உண்டு. & என்றால் அடுத்த அளவுரு தொடங்குகிறது. # என்றால் அதற்குப் பின்னால் உள்ளதெல்லாம் பக்கத்துக்குள் தாவுவதற்கான குறிப்பு; பிரவுசர் அதை சர்வருக்கு அனுப்பவே அனுப்பாது. + என்றால் இடைவெளி. இப்போது கோடில் இருந்து செலக்ட் செய்வதை நினைத்துப் பாருங்கள். இரண்டு நிபந்தனைகளை && கொண்டு இணைத்த வரியை என்கோட் செய்யாமல், அதாவது இப்படிப்பட்ட குறிகளை % வடிவத்துக்கு மாற்றாமல் அனுப்பினால் முதல் நிபந்தனையோடு தேடல் முடிந்துவிடும். சி# பற்றித் தேடினால் வெறும் சி-க்கு முடிவு வரும். சி++ என்பதும் சி ஆகிவிடும், பின்னால் இரண்டு இடைவெளியோடு. அதனால் இடைவெளி %20 ஆகவும், & என்பது %26 ஆகவும், # என்பது %23 ஆகவும் மாறிய பிறகே முகவரி பிரவுசருக்குப் போக வேண்டும்.

இடைவெளியை மட்டும் மாற்றிவிட்டு மற்றதை அப்படியே விடும் பிளக்இன்கள் இன்றும் இருக்கின்றன. ஆங்கிலச் சொற்களை மட்டும் வைத்துச் சோதிப்பவருக்கு அது சரியாக வேலை செய்வது போலவே தெரியும்.

தமிழ் எழுத்துகள் இருந்தால் இன்னும் ஒரு படி கூடும். யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் 3 பைட். என்கோட் செய்தபின் ஒரு பைட் 3 எழுத்தாகும். 'காரைக்குடி' என்ற சொல்லில் துணைக்கால், ஐகாரக் குறி, புள்ளி எல்லாம் சேர்த்து 10 குறியீடுகள். ஆக 30 பைட். முகவரியில் 90 எழுத்துகள். ஒரு சொல்லுக்கே இவ்வளவு என்றால் ஒரு பத்தியை செலக்ட் செய்தால் முகவரி எவ்வளவு நீளும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். பைத்தான் 2 காலத்தில் எழுதிய பிளக்இன்களில் நிலைமை இன்னும் மோசம்: அதன் என்கோட் செய்யும் ஃபங்ஷன் யூனிகோட் தமிழைக் கண்டதும் கீ எரர் கொடுத்து நின்றுவிடும். ஜாவாஸ்கிரிப்ட்டில் எழுதியதென்றால் பழைய எஸ்கேப் ஃபங்ஷனைப் பயன்படுத்தியிருக்கிறதா என்று பாருங்கள். அது தமிழை சதவீதக் குறியோடு யு சேர்த்த வேறொரு வடிவத்தில் எழுதும். தேடுபொறிகளுக்கு அது புரியாது. என்கோட் யூஆர்ஐ காம்பொனன்ட் என்பதுதான் இங்கே சரியான ஃபங்ஷன்.

தேடும் முன் சுத்தம் செய்தல்

செலக்ட் செய்ததை அப்படியே அனுப்புவது ஒற்றைச் சொல்லுக்குச் சரி. எரர் மெசேஜுக்குச் சரிவராது. கூகுள் ஒரு தேடலில் 32 சொற்களைத்தான் கணக்கில் எடுக்கும், மிச்சத்தை விட்டுவிடும். ஸ்டாக் டிரேஸ் (எரர் எந்தெந்த ஃபைல் வழியாக வந்தது என்று காட்டும் பட்டியல்) முழுவதையும் ஒட்டினால் அந்த 32-ம் உங்கள் ஃபோல்டர் பெயர்களிலேயே தீர்ந்துபோகும்.

எந்த வரியை எடுப்பது என்பது மொழிக்கு மொழி மாறும். பைத்தான் டிரேஸ்பேக்கில் கடைசி வரியில்தான் சரக்கு இருக்கிறது. ஜாவாவில் முதல் வரியையும், கீழே 'காஸ்டு பை' (Caused by) என்று வரும் வரிகளில் கடைசியானதையும் எடுங்கள். ஜிசிசி போன்ற சி கம்பைலரில் முதல் எரரைத் தேடுங்கள். அதற்குக் கீழே குவிவதில் பலவும் அந்த முதல் பிழையின் விளைவு. எடுத்த வரியிலிருந்து ஃபைல் பாதை, வரி எண், நினைவக முகவரி, உங்கள் மாறிகளின் பெயர் ஆகியவற்றை நீக்குங்கள். மிஞ்சும் பொதுவான சொற்றொடரை மேற்கோள் குறிக்குள் வைத்து, முன்னால் மொழியின் பெயரைச் சேர்த்தால் நல்ல தேடல் தயார்.

மொழிப் பெயரை எடிட்டரே தரும். ஆனால் அது வைத்திருக்கும் பெயரை அப்படியே அனுப்பக் கூடாது. விஎஸ் கோட், ரியாக்ட் ஃபைலுக்கு ஜாவாஸ்கிரிப்ட் ரியாக்ட் என்று இடைவெளி இல்லாமல் ஒரே சொல்லாக வைத்திருக்கும்; ஷெல் ஃபைலுக்கு ஷெல்ஸ்கிரிப்ட் என்று வைத்திருக்கும். ஐந்தாறு வரியில் ஒரு மாற்றுப் பட்டியல் எழுதிக்கொண்டால் போதும். எச்டிஎம்எல் ஃபைலுக்குள் ஜாவாஸ்கிரிப்ட் இருந்தால் விஎஸ் கோட் எக்ஸ்டென்ஷனுக்கு (அங்கே பிளக்இன்னுக்கு அதுதான் பெயர்) கிடைப்பது ஃபைலின் மொழி, அதாவது எச்டிஎம்எல். சப்ளைம் இந்த இடத்தில் கெட்டி: கர்சர் நிற்கும் இடத்தின் ஸ்கோப் பெயரைக் கேட்டால் உள்ளே இருப்பது ஜாவாஸ்கிரிப்ட் என்றே சொல்லும்.

பில்லிங் மென்பொருள் செய்பவர்கள் சுத்தம் செய்யும் வரியைக் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்க்க வேண்டும். 'எழுத்தும் எண்ணும் தவிர மற்றதை நீக்கு' என்று ரெகுலர் எக்ஸ்பிரஷன் (எழுத்து வடிவங்களைக் கண்டுபிடிக்கும் சூத்திரம்) எழுதுவது வழக்கம். பைத்தானில் அந்த வகைக்குள் தமிழ் உயிர்மெய்க் குறிகளும் புள்ளியும் வராது. ஆகவே 'காரைக்குடி' என்பது 'கரககட' ஆகிவிடும். ஜாவாஸ்கிரிப்ட்டில் அதே குறி ஆங்கில எழுத்துகளை மட்டும் ஏற்கும். தமிழ் முழுவதும் போய்விடும். நீக்க வேண்டிய குறிகளை வெளிப்படையாகப் பட்டியலிடுங்கள், வைத்துக்கொள்ள வேண்டியதைப் பட்டியலிடாதீர்கள்.

இன்னொன்று: பழைய பில்லிங் கோடில் பாமினி போன்ற எழுத்துரு வழித் தமிழ் கிடக்கும். திரையில் தமிழாகத் தெரிவது உள்ளே ஆங்கில எழுத்துகள்தான். அதை எந்த பிளக்இன்னாலும் தேட முடியாது. முதலில் யூனிகோடுக்கு மாற்றிவிட்டுத்தான் மற்றதெல்லாம்.

சப்ளைம் டெக்ஸ்ட்: சொந்தமாக எழுதுவதே மேல்

இந்த வேலைக்கு சப்ளைமில் பேக்கேஜ் கன்ட்ரோல் என்ற நிறுவும் கருவி வழியாகப் பல பிளக்இன்கள் கிடைக்கும். எங்கள் பரிந்துரை, எதையும் நிறுவாமல் இருபது வரியில் நீங்களே எழுதிக்கொள்வது. காரணம் உண்டு. சப்ளைம் 2 பைத்தான் 2.6-இல் ஓடியது, 3-இல் அது பைத்தான் 3.3 ஆனது; 2021-இல் 4 வந்தபோது அதில் 3.3-உம் 3.8-உம் இரண்டுமே இருந்தன. யூஆர்எல் என்கோட் செய்யும் ஃபங்ஷன் பைத்தான் 2-இலிருந்து 3-க்கு வரும்போது வேறு மாட்யூலுக்கு இடம் மாறிவிட்டது. கைவிடப்பட்ட பிளக்இன்கள் உடைந்து கிடப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

எழுதும் முறை எளிது. டூல்ஸ் மெனுவில் டெவலப்பர், அதில் நியூ பிளக்இன். வரும் மாதிரியில் டெக்ஸ்ட் கமாண்ட் வகுப்பு ஒன்று தயாராக இருக்கும். அதன் ரன் ஃபங்ஷனுக்குள் செலக்ஷன் பகுதிகளை எடுத்து, எழுத்துகளாக்கி, என்கோட் செய்து, பைத்தானின் வெப்பிரவுசர் மாட்யூலிடம் கொடுக்க வேண்டும். யூசர் ஃபோல்டரில் சேமித்த உடனே எடிட்டர் அதை ஏற்றிக்கொள்ளும், மூடித் திறக்க வேண்டாம். வகுப்பின் பெயரில் இருக்கும் கமாண்ட் என்ற கடைசிப் பகுதியை நீக்கி, பெரிய எழுத்துகளைச் சிறியதாக்கி, இடையில் அடிக்கோடு போட்டால் அதுதான் கீமேப் ஃபைலில் (விசைகளுக்கான செட்டிங் ஃபைலில்) எழுத வேண்டிய கட்டளைப் பெயர். விசையைத் தட்டியும் ஒன்றும் நடக்கவில்லை என்றால் பெரும்பாலும் இந்தப் பெயர்தான் பொருந்தாமல் இருக்கும். எரர் எதுவானாலும் கன்சோலில் தெரியும்.

இரண்டு இடத்தில் கவனம் தேவை. சப்ளைமில் ஒரே நேரத்தில் பல கர்சர் வைக்கலாம். ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு டேப் திறக்கும்படி எழுதிவிட்டால் நாற்பது கர்சருக்கு நாற்பது டேப் திறக்கும். ஹாட்ஸ்பாட்டில் இருப்பவருக்கு அது பெரிய தொல்லை. முதல் பகுதியை மட்டும் எடுங்கள், அல்லது எல்லாவற்றையும் ஒரே தேடலாகச் சேருங்கள். அடுத்தது, ஒன்றும் செலக்ட் செய்யாதபோது கர்சருக்கு அடியில் இருக்கும் சொல்லை எடுப்பது. சப்ளைம் சொல்லை எங்கே வெட்டும் என்பதை வேர்ட் செபரேட்டர்ஸ் செட்டிங் தீர்மானிக்கிறது. அதில் சிறு கோடும் இருக்கிறது. அதனால் சிஎஸ்எஸ்ஸில் 'பேக்கிரவுண்ட்-கலர்' மேல் கர்சர் இருந்தால் 'பேக்கிரவுண்ட்' அல்லது 'கலர்' மட்டுமே வரும். சிஎஸ்எஸ்ஸுக்கான செட்டிங் ஃபைலில் மட்டும் அந்தச் சிறு கோட்டை நீக்கிவிடுங்கள்.

விஎஸ் கோட்: எக்ஸ்டென்ஷனா, டாஸ்க்கா?

இங்கே உண்மையிலேயே இரண்டு பாதை இருக்கிறது: ஒன்று எக்ஸ்டென்ஷன்; மற்றது டாஸ்க், அதாவது எடிட்டரில் இருந்தே வெளிக்கட்டளை ஒன்றை ஓட்டும் பதிவு. எதை எடுப்பது என்பது கோட் எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்தது.

எக்ஸ்டென்ஷன், எடிட்டரின் ஓப்பன் எக்ஸ்டர்னல் வசதியைப் பயன்படுத்தும். ரிமோட் எஸ்எஸ்எச் (தொலைவில் உள்ள கணினியோடு பாதுகாப்பாக இணையும் முறை) வழியாக சர்வரில் வேலை பார்த்தாலும் பிரவுசர் உங்கள் கணினியில்தான் திறக்கும். ஊரில் இருந்து வேலை பார்ப்பவர்களுக்கு இந்த ஒரு காரணமே போதும். முதல் முறை 'இந்த வெளித்தளத்தைத் திறக்கலாமா' என்று கேட்கும். தேடுபொறியின் முகவரியை நம்பகமான டொமைன் பட்டியலில் சேர்த்துவிட்டால் திரும்பக் கேட்காது. எல்லாத் தளத்தையும் ஒரேயடியாக அனுமதிக்கும் தேர்வை மட்டும் எடுக்காதீர்கள்.

இந்த வசதியில் ஒரு சிக்கல் உண்டு. முகவரியை யூஆர்ஐ பொருளாக மாற்றும்போது எடிட்டர் என்கோடிங்கை ஒருமுறை அவிழ்த்து மறுபடி கட்டுகிறது. அந்த வழியில் சரியாக என்கோட் செய்து கொடுத்த & குறியும் + குறியும் பழைய வடிவத்துக்குத் திரும்பிவிடக்கூடும். எழுதியவர் தவறே செய்யாமல் சி++ தேடல் உடைவது இதனால்தான். நிறுவியதும் சி++ என்று எழுதி செலக்ட் செய்து தேடிப் பாருங்கள்.

அதைவிடப் பெரிய விஷயம் நம்பிக்கை. விஎஸ் கோட் எக்ஸ்டென்ஷன்களுக்குத் தனிக் கூண்டு கிடையாது. உங்கள் பயனர் கணக்கு எதையெல்லாம் தொட முடியுமோ அதையெல்லாம் அதுவும் தொடலாம்: எல்லா ஃபைலும், எஸ்எஸ்எச் சாவிகளும். இருபது வரி வேலைக்காக, முன்பின் தெரியாத ஒருவரின், தானாகவே அப்டேட் ஆகிக்கொள்ளும் கோடுக்கு இவ்வளவு உரிமை தருவது நியாயமான பேரம் அல்ல. நிறுவத்தான் வேண்டும் என்றால் சோர்ஸ் திறந்திருப்பதாகப் பாருங்கள், ஒருமுறை வாசியுங்கள், அதற்கு மட்டும் தானியங்கி அப்டேட்டை அணைத்துவையுங்கள்.

டாஸ்க் வழியில் வெளிக் கோட் எதுவும் வேண்டாம். டாஸ்க்ஸ் ஃபைலில் ஒரு பதிவு எழுதி, செலக்டட் டெக்ஸ்ட் என்ற மாறியை ஒரு சிறு பைத்தான் ஸ்கிரிப்டுக்கு அளவுருவாகக் கொடுத்தால் போதும். சுத்தம் செய்வதும் என்கோட் செய்வதும் அந்த ஸ்கிரிப்டின் வேலை. ஆனால் டாஸ்க்கின் வகை 'பிராசஸ்' என்று இருக்க வேண்டும், 'ஷெல்' என்று இருக்கக் கூடாது. ஷெல் வகையில் செலக்ட் செய்த எழுத்துகள் ஷெல்லுக்குள், அதாவது கட்டளைகளை வாசித்து இயக்கும் நிரலுக்குள் போகின்றன. அதில் டாலர் குறியும் அடைப்பும், அல்லது பின்சாய்ந்த மேற்கோளும் இருந்தால் உள்ளே இருப்பதை ஷெல் கட்டளையாக எடுத்து இயக்கிவிடும். வேறு யாரோ எழுதிய இன்ஸ்டால் ஸ்கிரிப்ட்டை வாசிக்கும்போது, புரியாத வரியைத்தானே தேடுவோம்? அதில் ஃபைலை அழிக்கும் கட்டளை இருந்தால் தேடப் போன இடத்தில் அது ஓடிவிடும். பிராசஸ் வகையில் எழுத்துகள் எழுத்துகளாகவே போய்ச் சேரும்.

இதற்கு விசை வைக்கும்போது ரன் டாஸ்க் கட்டளையை டாஸ்க் பெயரோடு எழுதி, எடிட்டரில் செலக்ஷன் இருக்கும்போது மட்டும் என்ற நிபந்தனையையும் சேர்த்துவிடுங்கள். அது இல்லாவிட்டால், ஒன்றும் செலக்ட் செய்யாமல் தட்டும்போதெல்லாம் மாறியைத் தீர்க்க முடியவில்லை என்ற எரர் வரும். கோட் உங்கள் கணினியிலேயே இருப்பவர்களுக்கு டாஸ்க் வழிதான் எங்கள் தேர்வு. ரிமோட்டில் இருந்தால் டாஸ்க் சர்வரில் ஓடும். அங்கே பிரவுசர் ஏது? அவர்கள் அதே இருபது வரியைச் சொந்த எக்ஸ்டென்ஷனாகச் செய்துகொள்ளலாம்.

ஜெட்பிரெயின்ஸ், விம், ஈமேக்ஸ்

ஜெட்பிரெயின்ஸ் எடிட்டர்களில் வலது கிளிக் மெனுவிலேயே கூகுளில் தேடும் கட்டளை இருக்கிறது. மொழிப் பெயரும் சேர்க்க வேண்டும் என்றால் செட்டிங்ஸில் எக்ஸ்டர்னல் டூல்ஸ் பகுதிக்குப் போய், செலக்டட் டெக்ஸ்ட் மேக்ரோவோடு மேலே சொன்ன அதே ஸ்கிரிப்டைக் கட்டிவிடுங்கள். பிளக்இன் தேவையே இல்லை.

விம்மில் மக்கள் மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்றே ஒன்று, ஆனால் ஆழமானது. ஆச்சரியக்குறி போட்டு வெளிக்கட்டளை ஓட்டும்போது விம், % குறியை இப்போது திறந்திருக்கும் ஃபைலின் பெயராகவும், # குறியை முந்தைய ஃபைலின் பெயராகவும் மாற்றிவிடும். அழகாக என்கோட் செய்த முகவரியில் இருப்பதே % குறிகள்தான்! %20 இருந்த இடத்தில் ஃபைல் பெயரும் 20-உம் வந்து நிற்கும். ஷெல் எஸ்கேப் ஃபங்ஷனுக்கு இரண்டாவது அளவுருவாக 1 கொடுத்தால் இவையும் காக்கப்படும். அதைவிட நல்லது, ஷெல்லையே தொடாமல் ஜாப் ஸ்டார்ட் ஃபங்ஷனுக்குக் கட்டளையும் முகவரியும் தனித்தனியாக உள்ள பட்டியலைக் கொடுப்பது. நியோவிம் 0.10 முதல் முகவரியை பிரவுசரில் திறக்கும் ஃபங்ஷன் உள்ளேயே வருகிறது. பெரும்பாலோருக்கு அதுவும் ஒரு மேப்பிங்கும் போதும். எஸ்எஸ்எச் வழியாக சர்வரில் நியோவிம் ஓட்டுபவர்கள் பிரவுசரைத் திறக்க முயல வேண்டாம். தயாரான முகவரியை ஓஎஸ்சி 52 (டெர்மினல் வழியாக கிளிப்போர்டுக்கு எழுத்து அனுப்பும் குறிமுறை) வழியாக உங்கள் கணினியின் கிளிப்போர்டுக்கு அனுப்பிவிட்டு இங்கே ஒட்டிக்கொள்ளுங்கள். உங்கள் டெர்மினல் அதை ஏற்க வேண்டும், அவ்வளவுதான்.

ஈமேக்ஸ் பயன்படுத்துவோருக்குச் சொல்லவே வேண்டாம், பலர் அறியாமலே வசதி கையில் இருக்கிறது. பகுதியைக் குறித்துவிட்டு மெட்டா-எஸ், மெட்டா-டபிள்யூ தட்டினால் அந்தச் சொற்களை டக்டக்கோ தேடுபொறியில் தேடி, முடிவை ஈடபிள்யூடபிள்யூ என்ற உள் பிரவுசரில் எழுத்தாகக் காட்டும். ஜாவாஸ்கிரிப்ட் ஓடாது, விளம்பரம் வராது, டேட்டா மிகக் குறைவாகவே செலவாகும். பல தேடுபொறிகளை வெவ்வேறு விசையில் வைக்க என்ஜின்-மோட் பேக்கேஜ் போதும்.

எடிட்டரே இல்லாத வழி

லினக்ஸில் எக்ஸ்11 என்ற திரை அமைப்பு இருந்தால், மவுஸால் செலக்ட் செய்த எழுத்து காப்பி செய்யாமலே பிரைமரி செலக்ஷனில் இருக்கும். எக்ஸ்கிளிப் கட்டளை அதைப் படித்துத் தரும். மற்றொரு திரை அமைப்பான வேலண்டில் டபிள்யூஎல்-பேஸ்ட் கட்டளையைப் பிரைமரி தேர்வோடு கொடுக்க வேண்டும். டெஸ்க்டாப்பின் பொது ஷார்ட்கட் ஒன்றில் ஸ்கிரிப்டைக் கட்டிவிட்டால் எடிட்டர், டெர்மினல், பிடிஎஃப் எல்லா இடத்திலும் ஒரே விசை வேலை செய்யும். பல எடிட்டர்களுக்கு இடையே மாறுபவருக்கு இதைவிட நல்ல வழி கிடையாது. குறை இரண்டு: மொழி எது என்று அதற்குத் தெரியாது, டெர்மினலில் ஓடும் விம்மில் விஷுவல் முறையில் குறித்தது பிரைமரிக்குப் போகாமல் இருக்கலாம்.

விண்டோஸில் இதே வேலையை ஸ்டார்ட் கட்டளையால் செய்வோர், & குறி கட்டளைகளைப் பிரிக்கும் குறி என்பதை மறக்கக் கூடாது. முகவரியை மேற்கோளில் வையுங்கள். அதற்கு முன் ஒரு வெற்று மேற்கோளும் வேண்டும். ஸ்டார்ட் கட்டளை மேற்கோளில் வரும் முதல் சொல்லை ஜன்னலின் தலைப்பாக எடுத்துக்கொள்ளும், அதனால்தான்.

எங்கே தேடுவது

ஒரே தேடுபொறிக்கு எல்லாவற்றையும் அனுப்பும் பிளக்இன் பாதி வேலைதான் செய்கிறது. எரர் மெசேஜுக்குப் பொதுத் தேடுபொறி. ஃபங்ஷன் பெயருக்கு அந்த மொழியின் ஆவணம். ஜாவாஸ்கிரிப்ட், சிஎஸ்எஸ் என்றால் எம்டிஎன் என்ற ஆவணத் தளம். ஒரு லைப்ரரி ஃபங்ஷனை மற்றவர்கள் எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று பார்க்க கிட்ஹப் கோட் தேடல். பிரவுசரில் லாகின் செய்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் முடிவு வராது. ஸ்டாக் ஓவர்ஃப்ளோவில் நேராகத் தேடும்போது மொழியைச் சதுர அடைப்புக்குள் போட்டால் அது டேக் ஆகிவிடும், வேறு மொழிக் கேள்விகள் வடிகட்டப்படும்.

இத்தனைக்கும் தனித்தனி முகவரி வைத்துக்கொள்ள சிரமமாக இருந்தால் டக்டக்கோவின் ஆச்சரியக்குறிச் சுருக்கங்களைப் பயன்படுத்தலாம். முகவரி ஒன்றே, முன்னால் சேர்க்கும் சுருக்கம் மட்டும் மாறும். எஸ்ஓ ஸ்டாக் ஓவர்ஃப்ளோவுக்கு, எம்டிஎன் எம்டிஎன்னுக்கு, ஜிஎச் கிட்ஹப்புக்கு. ஒரு சுற்றுப் பயணம் கூடும். நெட் மெதுவாக இருந்தால் அந்தத் தாமதம் தெரியும்.

எடிட்டருக்குள் வரும் ஏஐ உரையாடலை இதற்கு மாற்றாகச் சிலர் வைக்கிறார்கள். புரியாத கோடை விளக்கச் சொல்ல அது உதவும். குறிப்பிட்ட பதிப்பில் மட்டும் வரும் எரர், நீக்கப்பட்ட ஃபங்ஷன் போன்றவற்றுக்கு மூலப் பக்கத்தைப் பார்ப்பதே பத்திரம். செலக்ட் செய்ததோடு சுற்றியுள்ள கோடும் சேர்ந்து வெளியே போகலாம் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

நெட் இல்லாத வளவில்

பழைய செட்டிநாட்டு வீடுகளில் முகப்பில் கிடைக்கும் டவர், வளவை (நடு முற்றத்தை) தாண்டி இரண்டாங்கட்டுக்குப் போனால் இருக்காது. அந்தச் சுவர்களின் கனம் அப்படி. ரூட்டர் வைத்திருந்தாலும் 5 கிகாஹெர்ட்ஸ் அலை சுவரைத் தாண்டுவது கடினம், 2.4-க்கு மாற்றினால் கொஞ்சம் எட்டும். இப்படிப்பட்ட வீட்டில் இருந்து வேலை பார்ப்பவர்களுக்கு வலைத்தேடலை இரண்டாம் வழியாக வைத்து, ஆஃப்லைன் ஆவணத்தை முதல் வழியாக்கச் சொல்வோம்.

ஆவணங்களைக் கணினியிலேயே வைத்துத் தேட விண்டோஸ், லினக்ஸுக்கு ஸீல் இலவசம்; மேக்குக்கு டேஷ், காசு கொடுத்து வாங்க வேண்டும். தேவையான மொழிகளின் டாக்செட்டை (ஆவணத் தொகுப்பை) நல்ல நெட் இருக்கும்போது ஒருமுறை இறக்கி வைத்துக்கொண்டால் பிறகு இணையமே வேண்டாம். ஸீல் கட்டளையோடு மொழிப் பெயர், முக்காற்புள்ளி, தேடும் சொல் என்று கொடுத்தால் நேராக அந்த மொழிக்குள் தேடும். ஆகவே மேலே எழுதிய ஸ்கிரிப்டில் ஒரு கிளை மட்டும் கூட்டினால் போதும்: செலக்ட் செய்தது இடைவெளி இல்லாத ஒற்றைச் சொல் என்றால் ஸீலுக்கு, இடைவெளி இருந்தால் பிரவுசருக்கு. இந்த ஒரு நிபந்தனை எத்தனையோ தேடல்களை வலைக்கே போகவிடாமல் நிறுத்திவிடும்.

டெவ்டாக்ஸ் என்ற ஆவணத் தளம் பிரவுசரிலேயே ஓடும், எதையும் நிறுவ வேண்டாம், அதிலும் ஆஃப்லைன் வசதி உண்டு. ஆனால் ஆவணங்கள் பிரவுசர் சேமிப்பில்தான் இருக்கும். தளத் தரவை அழித்தால் அவையும் போகும். இரவில் சுத்தமாக்கப்படும் லேப் கணினிக்கு ஒத்துவராது.

வெளியே போகக் கூடாதவை

செலக்ட் செய்து ஒரு விசை என்பது வசதி. அதே வசதியில் பாஸ்வேர்டும் போய்விடும். முகவரியில் போனது பிரவுசர் ஹிஸ்டரியில் நிற்கும், சிங்க் இருந்தால் மற்றக் கருவிகளுக்கும் போகும், தேடுபொறியிடமும் பதிவாகும். பில்லிங் கோடில் சோதனைக்காக வைத்த உண்மையான வாடிக்கையாளர் பெயரும் மொபைல் எண்ணும் இப்படித்தான் கசிகின்றன. ஸ்கிரிப்டில் மூன்று தடை வையுங்கள்: 200 எழுத்துக்கு மேல் போனால், இடைவெளியே இல்லாமல் 30 எழுத்துக்கு மேல் ஒரே சரம் வந்தால், பத்து இலக்க எண் இருந்தால், திறப்பதற்கு முன் 'அனுப்பலாமா' என்று கேட்க வேண்டும். 200 என்ற எண்ணை உங்கள் வேலைக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளலாம். தமிழ்ச் சரங்களுக்கு அந்தக் கணக்கை என்கோட் செய்வதற்கு முன் எடுங்கள். இல்லாவிட்டால் மூன்று சொல்லுக்கே எச்சரிக்கை வரும்.

விசையும் லேப் கணினியும்

தமிழில் தட்டெழுதுபவர்கள் எழுத்து விசைகளை ஷார்ட்கட்டாக வைக்காதீர்கள். தமிழ்99 விசைப்பலகை இயங்கும் நேரத்தில் கன்ட்ரோலோடு சேர்ந்த எழுத்து எடிட்டருக்கு வேறாகப் போய்ச் சேரலாம். என்எச்எம் ரைட்டர் போன்றவை ஆல்ட்டுடன் எண் விசைகளைப் பிடித்துக்கொள்ளும். விண்டோஸில் கன்ட்ரோலும் ஆல்ட்டும் சேர்ந்தால் அது ஆல்ட் ஜிஆர் ஆகிவிடும். எஃப் வரிசை விசை ஒன்றை ஷிஃப்ட் அல்லது கன்ட்ரோலோடு எடுத்து, எடிட்டரின் ஷார்ட்கட் பட்டியலில் அது காலியாக இருக்கிறதா என்று பார்த்து வைத்தால் எந்த மொழியில் இருந்தாலும் வேலை செய்யும்.

லேப் மாணவர்களுக்குப் பென்டிரைவ்தான் வழி. விஎஸ் கோடின் ஸிப் பதிப்பைப் பிரித்து, அதன் உள்ளே டேட்டா என்ற பெயரில் ஒரு வெற்று ஃபோல்டர் உருவாக்கினால் அது போர்ட்டபிள் முறைக்கு மாறிவிடும். செட்டிங்ஸ், எக்ஸ்டென்ஷன், ஷார்ட்கட் எல்லாம் அந்த ஃபோல்டரிலேயே தங்கும். சப்ளைமுக்கும் விண்டோஸ் போர்ட்டபிள் பதிப்பு உண்டு. லேப் கணினியில் பைத்தான் இருக்கும் என்று நம்ப முடியாது என்பதால் மாணவர்களுக்கு விஎஸ் கோட் டாஸ்க்கைவிட சப்ளைம் நல்லது. அது தன் பைத்தானைத் தன்னோடு கொண்டுவருகிறது. தேடுவதற்கு முன் அந்த பிரவுசரில் வேறொருவரின் கணக்கு திறந்திருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள். இருந்தால் பிரைவேட் விண்டோவில் வேலை செய்யுங்கள்.

எந்த வழியை எடுத்தாலும் அமைத்து முடித்த கையோடு ஐந்து செலக்ஷனைச் சோதியுங்கள். சி++ என்ற சொல்; && உள்ள ஒரு வரி; மேற்கோளும் சதவீதக் குறியும் உள்ள ஒரு பிரிண்ட் வரி; மூன்று வரி நீளமுள்ள எரர்; 'ஆத்தங்குடி' என்ற தமிழ்ச் சரம். தேடல் பக்கம் திறந்ததும் முடிவுகளைப் பார்க்க வேண்டாம். மேலே தேடல் பெட்டியில் இருப்பது நீங்கள் செலக்ட் செய்து சுத்தம் செய்ததுதானா என்று எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். மூன்று வரி எரர் மட்டும் ஒரே வரியாகச் சுருங்கி, பாதையும் வரி எண்ணும் போய் வந்திருக்க வேண்டும். மற்ற நான்கும் ஒரு குறிகூட மாறாமல் வர வேண்டும்.